சுற்றுச்சுவருக்குக் கொடுத்த ஒரு நாள் பாடு

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரைதான் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகும் சண்டை முழுக்க இதைப் பற்றியதுதான். பத்து முடித்த பையன்களுக்கு கடல் இருக்கிறது, தென்னந்தோப்பு இருக்கிறது, சிங்கப்பூர் இருக்கிறது. பத்து முடித்த எங்கள் குப்பத்துப் பெண்பிள்ளைகளுக்கு நண்டு கம்பெனி இருக்கிறது. அவித்த நண்டை உடைத்துச் சதையெடுக்கும் வேலை. விரல் நுனியெல்லாம் ஓடு கீறிக் கிடக்கும். சோறு பிசையும்போது எரியும்.

பேராவூரணிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் போனால் போகிறதென்று கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடையில் இருக்கிறது பள்ளிக்கூடம். வடக்கே வயலும் தோப்புமாக விவசாயிகளின் ஊர். தெற்கே கொஞ்சம் நடந்தால் சேற்றுக் கரையும் நாட்டுப் படகுகளுமாக எங்கள் குப்பம். இரண்டுக்கும் நடுவில் கீற்றுக் கொட்டகையில் தொடங்கிய ஆரம்பப் பள்ளி அது. அதை உயர்நிலைப் பள்ளியாக்க வேண்டுமென்று வந்தபோது, இடம் காட்டினால்தான் ஆகும், ஊர் பங்குக்குக் கட்டடம் எழுப்பித் தந்தால்தான் ஆகும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். இடத்தை விவசாயிகள் கொடுத்தார்கள். கட்டடத்துக்கு எங்கள் குப்பம் ஒரு நாள் பாட்டைக் கொடுத்தது.

பாடு என்றால் கடலில் கிடைத்தது. கோயில் திருவிழா, யாருக்காவது பெரிய கஷ்டம், ஊருக்குப் பொதுவான காரியம் என்று வந்தால், எல்லாப் படகும் ஒரு நாள் பிடித்ததைக் கரையில் ஒரே இடத்தில் கொட்டிவிடும். விற்றது ஊருக்கு. அன்றைக்கு யார் வீட்டிலும் குழம்புக்குக்கூட எடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்த பாட்டில் எழுந்த சுவருக்குள்தான் நான் படித்தேன். குப்பத்துப் பிள்ளைகளை வாத்தியார்கள் கடைசி வரிசையில் உட்கார வைத்தாலும் நாங்கள் அவ்வளவாகக் கூசவில்லை. எங்கள் சுவர் என்ற திமிர் எங்களுக்கு இருந்தது.

ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வடக்கூர்ப் பெண். நல்ல நிலபுலம் உள்ள குடும்பம். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் தேங்காய்ப்பால் மணக்கும், என்னுடையதைத் திறந்தால் நண்டு மணக்கும். மாற்றிக்கொள்வோம். அவள் வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள் என்பதால் வாயைக் குழாயடியில் நன்றாகக் கழுவிவிட்டுப் போவாள். பத்தாம் வகுப்பில் இருவரும் நல்ல மார்க். மேலே படிக்க டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். என் அப்பா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். ஹெட்மாஸ்டர் வந்து பேசியும் அசையவில்லை.

கடைசியில் தோழியின் அப்பா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீன் காயும் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "ரெண்டும் ஒண்ணா பஸ் ஏறும், ஒண்ணா இறங்கும். எம்பொண்ணுக்கு நான் பொறுப்புன்னா, உங்க பொண்ணுக்கும் நான்தாங்க பொறுப்பு" என்றார். அப்பா தலையாட்டிவிட்டார். குப்பத்தில் பன்னிரண்டு முடித்த முதல் பெண் நான். அந்தக் குடும்பத்துக்கு என் மனதில் எங்கே இடம் கொடுத்திருந்தேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமென்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததை ஏதோ சங்கத் தகராறு என்று நினைத்துவிடுவீர்கள்.

இப்போது எனக்கு நாற்பதைத் தாண்டியாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், ஜெராக்ஸ். குடியிருப்பது குப்பத்தில், அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு. தோழி வடக்கூரிலேயே உறவில் கட்டிக்கொண்டு, தோப்பும் காருமாக இருக்கிறாள். பள்ளிக்குப் பொன்விழா வந்தபோது முன்னாள் மாணவர் சங்கம் தொடங்கினார்கள், வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். காலை வணக்கமும் பூப்படமும் மழையாகப் பொழிந்தன. செயலாளர் யார் என்று கேட்டபோது எல்லாரும் என் தோழியைத்தான் சொன்னார்கள். நானும் சொன்னேன், முதல் ஆளாக.

அவள் என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். "பள்ளிக்கூட வரலாறை நீதாண்டி எழுதணும், விழா மலர்ல மொதல் கட்டுரை அதுதான்" என்றாள். எழுதினேன். ஒரு நாள் பாட்டைப் பற்றியும் எழுதினேன். அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கினாள். நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கினாள். அந்த நேரம் பார்த்து நான் கேட்டேன்.

"விழாவுக்கு வர்றவரு கோட்டையில பெரிய பதவியில இருக்காரு. நம்ம ஸ்கூல்ல படிச்சவரு. அவர்கிட்ட பன்னெண்டாம் வகுப்பு வரைக்கும் கேட்டா என்னடி? எங்க அண்ணன் மக பத்து எழுதியிருக்கா. அண்ணன் டவுனுக்கு அனுப்ப மாட்டேங்குது. காலைல வந்துக்கிட்டு இருந்த பஸ்ஸையும் நிறுத்திட்டாங்க. இங்கேயே வந்துட்டா படிக்க வைக்கிறேங்குது."

"கேக்குறோம்டி. வேற என்ன கேக்கப்போறோம்? மொத கோரிக்கையே அதுதான். ஆனா நாம நாலு பேரு நின்னு கேட்டா எடுபடாது. குப்பமே தெரண்டு வந்தா அந்த ஆளு மறுக்க முடியாது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அவளையே குப்பத்துக்கு அழைத்துப்போனேன். அம்மன் கோயில் கொட்டகையில் ஊர்க்கூட்டம் கூடியது. தோழி எழுந்து நின்று கும்பிட்டு, "நம்ம பிள்ளைங்க பன்னெண்டு வரைக்கும் இங்கேயே படிக்கணும். விழா மேடையில நான் முதல்ல கேக்கப்போறது அதுதாங்க" என்றாள். பஞ்சாயத்தார் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். விழா அன்று யாரும் தொழிலுக்குப் போக வேண்டாம் என்று முடிவாயிற்று.

அது எப்பேர்ப்பட்ட முடிவு என்று கடற்கரைக்காரர்களுக்குத்தான் தெரியும். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலம் அது. வருஷத்தில் நாட்டுப் படகுக்காரனுக்கு விலை கிடைப்பதே அந்த நாட்களில்தான். வட்டிக்கு வாங்கிய எஞ்சினும் வலையும் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடும். இருந்தும் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இங்கேதான் நடந்தது. குப்பத்தில் ஊர்க்கூட்டத்தில் நின்று ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. எழுதி வாங்குவதில்லை, மறுபடி கேட்பதுமில்லை. மறுபடி கேட்டால் சொன்னவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். வடக்கூரில் அப்படியில்லை. அங்கே கூட்டத்தில் சொல்வது பேரத்தின் தொடக்கம். வாய்க்கால் முறைத் தண்ணீருக்கும் வரப்புத் தகராறுக்கும் அவர்கள் பேசுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். காலையில் ஒன்று சொல்வார்கள், சாயங்காலம் தாசில்தார் ஆபீஸில் வேறொன்று சொல்வார்கள், யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு ஊரும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கே அன்று அது தோன்றவில்லை, ஏனென்றால் நின்று பேசியது என் தோழி.

விழாவுக்கு முந்தின நாள் மாலையே யாரும் நண்டு வலை விடவில்லை. காலையில் படகெல்லாம் கரையில் வரிசையாகக் கிடந்தன. துக்க வீடு அல்லது திருவிழா தவிர அப்படி நான் பார்த்ததில்லை. பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டார்கள். அண்ணன் சட்டை பாக்கெட்டில் மகளின் மதிப்பெண் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டது. அதை யாரும் கேட்கப்போவதில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. "கேட்டா காட்டலாம்ல" என்றது.

மேடைக்கு நேர் எதிரே முதல் வரிசை நாற்காலிகளில் குப்பத்து ஆட்களை உட்கார வைத்தாள் தோழி. வடக்கூர்ப் பெரிய மனிதர்கள் பின்னால் நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு அன்றைக்கு முதல் வரிசை. எவ்வளவு பெரிய மனசு இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன். காதில் பூச்சுற்றும்போது அதன் வாசம் நமக்கே பிடித்துப்போகிறது.

சிறப்பு விருந்தினர் பேசினார். வெயிலில் நடந்து வந்ததையும், ஒரே சட்டையைத் துவைத்துப் போட்டதையும், அடித்த வாத்தியாரையும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு, "என்னால ஒரு காரியம் இந்தப் பள்ளிக்கு முடியும். ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஒண்ணா இருந்தா முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்" என்றார். அண்ணன் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தோழி மைக்கை வாங்கினாள்.

"ஐயா, எங்களோட ஒரே கோரிக்கை சுற்றுச்சுவர். சுற்றுச்சுவரும் முகப்புல ஒரு வளைவும். ஆடுமாடு உள்ள வருது, சாயங்காலமானா கண்டவங்க உள்ள உக்காந்து குடிக்கிறாங்க. பெண்பிள்ளைங்க படிக்கிற இடம். இதோ, முன்னாடி உக்காந்திருக்காங்க பாருங்க கடற்கரை ஜனங்க. இந்தச் சுவருக்காக இன்னைக்கு ஒரு படகுகூடக் கடலுக்குப் போகலைங்க ஐயா. பொழப்பை விட்டுட்டு வந்திருக்காங்க."

கை நீட்டிக் காட்டினாள். விருந்தினர் எழுந்து நின்று எங்களை நோக்கிக் கும்பிட்டார். பின்னால் வடக்கூர் முழுக்கக் கைதட்டியது. இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் ஆட்களும் தட்டினார்கள். சுவர் ஒரு முன்னுரை, அடுத்து பன்னிரண்டு வரும் என்று நினைத்தார்கள். நான் எழுந்து மேடைப் பக்கம் போனேன். சங்கத்துப் பொருளாளர் படிக்கட்டிலேயே மறித்து, "அக்கா, நேரம் ஆயிடுச்சு, போட்டோவுக்கு நிக்கப்போறாங்க" என்றார். மைக்கில் நாட்டுப்பண் என்று அறிவித்துவிட்டார்கள். எல்லாரோடும் சேர்ந்து நானும் விறைப்பாக நின்றேன். வேறென்ன செய்ய?

சாப்பாட்டுப் பந்தியில் பஞ்சாயத்துக்காரர் ஒருவர், எனக்கு மாமா முறை, பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "பன்னெண்டு எப்பம்மா சொல்லுவாங்க? சாப்பிட்ட பெறகா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்தார். திரும்பி நடந்து வந்தபோது யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் பக்கத்தில் யாரும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். நேரமில்லையோ, மறந்துவிட்டாளோ, விருந்தினரே சுவரைத்தான் கேட்கச் சொன்னாரோ என்று அவளுக்காக நானே சமாதானம் தேடினேன். போன் செய்தால் எடுக்கவில்லை. அந்த வாரமே வடக்கூர்க்காரர் ஒருவர் தன் மகளுக்கு வருமானச் சான்றிதழ் எடுக்கக் கடைக்கு வந்தார். எதுக்குங்க என்று கேட்டேன். "இங்கதாம்மா, மெயின் ரோட்டு மெட்ரிக் ஸ்கூல்ல. இந்த வருஷத்துலேர்ந்து பதினொண்ணும் பன்னெண்டும் வருதுல்ல" என்றார். அந்த மெட்ரிக் பள்ளி என் தோழியின் தம்பியுடையது.

எனக்கு அல்வா கொடுத்திருக்கிறாள். எனக்கு மட்டும் என்றால் தின்றுவிட்டுப் போயிருப்பேன். ஒரு குப்பத்துக்கே நெய் ஒழுகக் கிண்டிக் கொடுத்திருக்கிறாள். என் கட்டுரையை ஒரு எழுத்து விடாமல் மலரில் போட்டிருந்தார்கள். எங்கள் தியாகத்தைப் புகழ்வதில் குறையே வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளே கடைக்கு வந்தாள். எப்போதும் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முகத்தில் வெட்கமோ பயமோ ஒன்றும் இல்லை. அலுப்புத்தான் இருந்தது.

"கோவமா இருக்கேன்னு தெரியும்டி. நேரடியாவே சொல்லிடுறேன். கவர்மெண்டுல பன்னெண்டு வந்துட்டா எந்தம்பி ஸ்கூல்ல யாருடி சேருவா? லோன் வாங்கிக் கட்டியிருக்கான். வீட்டை வச்சு வாங்கியிருக்கான். நான் எந்தப் பக்கம் நிக்க முடியும் சொல்லு?"

"அப்ப கூட்டத்துல வந்து ஏண்டி அப்படிச் சொன்னே?"

"அன்னைக்குக் கேக்கலாம்னுதான் இருந்தேன். பெறகு தம்பி வந்து அழுதான்."

"அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன? அவங்களாவது கடலுக்குப் போயிருப்பாங்கள்ல?"

"கூட்டம் வேணும்லடி" என்றாள். இதைச் சொல்லும்போதுகூட அவள் குரல் ஏறவில்லை. பிறகு கையை என் மேசைமேல் வைத்து, "உன் அண்ணன் மகளுக்கு ஒரு சீட்டு சொல்லி வச்சிருக்கேன். ஃபீஸ் கெடையாது. வேன் குப்பத்து முனைக்கே வரும். அந்தப் பிள்ளையை நான் விட்டுருவேனா?" என்றாள்.

"மத்த பிள்ளைங்க?"

"எல்லாருக்கும் எப்படிடி?"

எழுந்து போ என்றேன். ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சொன்னேன். இனி இந்தப் படி ஏறாதே, உன் நம்பரை என் போனில் பார்க்கக்கூட விரும்பவில்லை என்றும் சொன்னேன். அவள் போனதும், விழாவுக்குப் பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த கை நிற்கவே இல்லை. "ஊருக்கு இல்லாதது எம்பொண்ணுக்கு எதுக்கு? நாளைக்கு அந்த வேன்ல இவ ஏறினா, சீட்டுக்காகத்தான் என் தங்கச்சி ஊரையே கூட்டிக்கிட்டுப் போச்சுன்னு சொல்லுவாங்க. நீ பண்ணது சரிதான்" என்றது. அண்ணியும் தலையாட்டினாள். விஷயம் குப்பத்தில் பரவியது. மறுநாள் மாமா முறைக்காரர் என் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, வெறுமனே பஸ் வருமா என்று கேட்டுவிட்டுப் போனார். என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். சீட்டை வேண்டாமென்றதில் என் மானம் திரும்பி வந்தது. எனக்கு அது சர்பத் குடித்தமாதிரி இருந்தது.

பள்ளிகள் திறந்த வாரம், கடையை மூடிவிட்டு வந்தபோது அண்ணன் மகள் வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நண்டு கம்பெனியில் முதல் நாள். விரல்களைப் பார்க்கலாமென்று கையை நீட்டினேன். தரவில்லை.

"அந்த சீட்டு எனக்குன்னுதானே அத்தை சொன்னாங்க?"

"ஆமா. ஆனா அது..."

"வேணாம்னு நீங்க சொன்னீங்க. அப்பா சொல்லுச்சு. அம்மா சொல்லுச்சு. எல்லாரும் உங்களை நல்லவங்கன்னு சொல்றாங்க. என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா அத்தை?"

அழவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. பதில் வேண்டித்தான் கேட்டாள். என்னிடம் இருந்த பதில் எல்லாம் ஊர், மானம், துரோகம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாக இருந்தன. அவள் வயதில் எனக்காக ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் வந்து நின்றார். அவர் யாருடைய அப்பா என்பதை நினைத்துப்பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த நம்பரை அழித்திருந்தேன். ஆனால் அது எனக்கு மனப்பாடம். ஒரே மணியில் எடுத்தாள்.

"கூப்பிடுவேன்னு தெரியும்டி" என்றாள், எதுவுமே நடக்காதது போல. "சீட்டை யாருக்கும் கொடுக்கலை. திங்கக்கிழமை வேன் வரும், பிள்ளையை ரெடியா இருக்கச் சொல்லு."

எத்தனையோ சொல்ல இருந்தது. ரொம்ப நன்றிடி என்று சொன்னேன்.